யார் காதிலும் இல்லாத இசை

பதிவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பெட்டி வந்து சேர்ந்தது. நைலான் பட்டை போட்டு இறுக்கிய பழுப்பு அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு பியானோ கன்செர்ட்டோவுக்கான ஆர்க்கெஸ்ட்ரா பார்ட்டுகள், அதாவது ஒவ்வொரு கருவிக்காரரும் தன் முன்னால் வைத்து வாசிக்கும் தனித்தனித் தாள்கள். இந்த மாதிரி படைப்புகளின் பார்ட்டுகளை விலைக்குத் தரமாட்டார்கள். பதிப்பகத்திடம் வாடகைக்கு வாங்கி, வாசித்து முடித்தபின் பென்சில் குறிகளை அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். யாரும் முழுதாக அழிப்பதில்லை. வயோலாக்காரர் ஒருவர் தாளின் மூலையில் ரயில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். இன்னொருவர் கடினமான இடத்துக்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தார். நடத்துநரைப் பார் என்று அதற்குப் பொருள். பசூன் பார்ட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று தேதிகளும் மூன்று ஊர்ப் பெயர்களும் இருந்தன. முதல் தேதிக்கும் மூன்றாவது தேதிக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள்.

அந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இருபத்தாறு ஆண்டுகளில் இந்தப் பெட்டி மூன்று ஊர்களில்தான் திறக்கப்பட்டிருக்கிறது.

நான் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர். மைக் வைப்பதும் கருவிகளை இயக்குவதும் ஒலிப்பொறியாளரின் வேலை. என் வேலை, ஸ்கோரை முன்னால் விரித்துக்கொண்டு ஒரு அறையில் உட்கார்ந்து, அரங்கிலிருந்து வரும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கேட்பது. எது சரியாக வந்தது, எது வரவில்லை, எதை மறுபடி வாசிக்க வேண்டும் என்று பேச்சுப்பெட்டி வழியே சொல்வது. பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளை ஒன்றாகக் கோப்பது. வட்டின் பின்னட்டையில் என் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். முப்பது ஆண்டுகளில் நான் செய்த பதிவுகளில் பெரும்பாலானவை எல்லாரும் அறிந்த படைப்புகள். என்னை வாட்டியதும் வளர்த்ததும் அந்தப் பெட்டியில் வந்தது போன்றவை.

பெட்டியில் இருந்தது நிகொலாய் மெட்னரின் இரண்டாவது கன்செர்ட்டோ. அவர் எழுதியது மூன்றே மூன்று கன்செர்ட்டோ. மூன்றையும் எட்டு செஷன்களில் பதிவு செய்வது என்று திட்டம். செஷன் என்றால் மூன்று மணி நேரம். நடுவில் இருபது நிமிடம் இடைவேளை.

மெட்னர் 1880ல் மாஸ்கோவில் பிறந்தவர். ராக்மனினாஃபைவிட ஏழு வயது இளையவர், அவருடைய நெருங்கிய நண்பர். ராக்மனினாஃப் தன் நான்காவது கன்செர்ட்டோவை மெட்னருக்குக் காணிக்கையாக்கினார். மெட்னர் தன் இரண்டாவதை ராக்மனினாஃபுக்குத் தந்தார். ஒருவர் பெயர் உலகமெல்லாம் தெரியும். மற்றவர் 1921ல் ரஷ்யாவைவிட்டு வெளியேறி, பெர்லின், பாரிஸ் என்று அலைந்து, 1930களின் நடுவில் லண்டனில் வந்து ஒதுங்கினார். பதினான்கு பியானோ சொனாட்டாக்கள், கதைகள் என்று அவர் பெயரிட்ட முப்பத்தெட்டுச் சிறு பியானோப் படைப்புகள், நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள். பியானோ இல்லாமல் அவர் எதையும் எழுதியதில்லை. தன் காலத்தின் புதுமைகளை அவர் ஏற்கவில்லை. அதை ஒளிக்கவும் இல்லை. 1935ல் ஒரு புத்தகமே எழுதினார், அதைப் பாரிஸில் வெளியிட்டவர் ராக்மனினாஃப். புதுமைக்காரர்கள் அவரைப் பழையவர் என்றார்கள். பழையதை விரும்பிய ரசிகர்களோ, பாடிக்கொண்டே வீட்டுக்குப் போக ஒரு மெட்டு இவரிடம் கிடைக்கவில்லையே என்றார்கள். இரண்டு பக்கமும் வாசல் சாத்தியது. சோவியத் நாட்டிலோ வெளியேறியவரின் இசைக்கு நெடுங்காலம் மேடை இல்லை. அவர் 1951ல் லண்டனில் இறந்தபின், அவர் மனைவி அன்னா கையெழுத்துப் பிரதிகளோடு மாஸ்கோ திரும்பினார். 1959 முதல் 1963 வரை பன்னிரண்டு தொகுதிகளாக முழுப் படைப்புகளும் அங்கே அச்சாயின.

மெட்டு இல்லை என்பதை நான் ஒப்பவில்லை. மெட்டு இருக்கிறது, ஏராளமாக. ஆனால் அது நாம் தேடும் இடத்தில், மேல்குரலில், தனியாக நிற்பதில்லை. நடுவில் ஓடும், கீழே போகும், பாதி வேகத்தில் ஒரு கையிலும் இரட்டை வேகத்தில் மற்றொரு கையிலும் ஒரே நேரத்தில் வரும். மூன்றாவது முறை கேட்கும்போதுதான் முதல் பக்கத்தில் துணை வாசிப்பு என்று நாம் ஒதுக்கியதே பல்லவி என்று புரியும். மூன்று முறை கேட்க வாய்ப்பில்லாத இசைக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. ஒலிப்பதிவு அவருக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது அதனால்தான்.

அது அவருக்குக் கிடைத்த விதம் எங்கள் தொழிலிலேயே வியப்பான கதை. இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் பதிப்பகத்திலிருந்து வந்த பணத்தை நிறுத்தியது. 1942ல் மாரடைப்பு. அவருடைய மாணவியான ஆங்கிலப் பியானோ கலைஞர் எட்னா ஐல்ஸ் கணவன் மனைவி இருவரையும் தன் கிராமத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது கன்செர்ட்டோ போர்க் காலத்தில், 1940க்கும் 1943க்கும் இடையில் எழுதப்பட்டது. போர் முடிந்த மறுவருடம் மைசூரிலிருந்து உதவி வந்தது. மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் பியானோக் கலைஞராக விரும்பியவர். 1940ல் தந்தையும் பெரியப்பாவும் ஒரே ஆண்டில் மறைய, இருபத்தொரு வயதில் அரியணை அவர்மேல் வந்து விழுந்தது. மெட்னரின் இசை அவரை அப்படிப் பிடித்திருந்தது. மெட்னர் சங்கம் என்று ஒன்றை நிறுவி, மெட்னரே வாசித்து எச்.எம்.வி. இசைத்தட்டுகளாக வெளிவரப் பணம் தந்தார். 1947ல் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவோடு மூன்று கன்செர்ட்டோவும் பதிவாயின. முதலாவதை ஜார்ஜ் வெல்டனும் மற்ற இரண்டையும் இஸ்ஸாய் தோப்ரோவெனும் நடத்தினார்கள். மெட்னருக்கு வயது 67. மூன்றாவதை மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். தமிழ் வாசகர்களுக்கு இந்த மகாராஜா அந்நியர் அல்லர்: 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர், தொண்ணூற்று நான்கு கர்நாடகக் கிருதிகளை இயற்றியவர்.

அந்தத் தட்டுகளை எப்படி எடுத்தார்கள் என்பதை இன்றைய இளம் பொறியாளர்களிடம் சொன்னால் நம்பச் சிரமப்படுகிறார்கள். அப்போது அங்கே டேப் இல்லை. சுழலும் கனத்த மெழுகுத் தட்டில் ஊசி நேராக வெட்டும். ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம், மிஞ்சிப்போனால் நாலரை. நாற்பது நிமிட இசை என்றால் ஒன்பது பத்துப் பக்கங்கள். எடுத்த மெழுகை உடனே போட்டுக் கேட்டால் பள்ளம் கெட்டு, அச்சுக்கு உதவாமல் போகும். ஆகவே கேட்க ஒன்று, அச்சுக்கு ஒன்று. மூன்று நிமிடம் ஐம்பது விநாடி வரை சொக்க வைக்கும்படி வாசித்துவிட்டு, கடைசிப் பத்து விநாடியில் ஒரு ஹார்ன் தடுமாறினால் அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி. இதயம் பழுதுபட்ட 67 வயதுக்காரர் ஒருவர் தன் வாழ்க்கையின் சாட்சியத்தை இப்படி நான்கு நான்கு நிமிடமாகச் சொல்லி முடித்தார்.

அந்தச் சாட்சியத்தை நான் பதிவுக்கு முன் இரண்டு மாதம் தினமும் கேட்டேன். மணலைச் சலிப்பது போன்ற இரைச்சலுக்குப் பின்னால் அவருடைய பியானோ தெளிவாகக் கேட்கிறது. உருக வைக்க வேண்டும் என்று எங்கும் இழுப்பதில்லை. தாளம் இறுக்கமாக, காலப்பிரமாணம் நான் எதிர்பார்த்ததைவிட விறுவிறுப்பாக. ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் பல இடங்களில் ஒரு திரைக்குப் பின்னால் நிற்கிறது. பியானோவும் எல்லாக் குழலும் சேரும் இடங்களில் எந்தக் குழல் எந்த ஸ்வரம் வாசிக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

கர்நாடக இசையில் பாடாந்தரம் என்று ஒரு சொல் உண்டு. இன்ன கிருதி இன்ன குருவிடமிருந்து இன்னார் வழியாக இவருக்கு வந்தது என்ற கால்வழி. மேற்கத்திய இசையில் அச்சிட்ட ஸ்கோர் இருப்பதால் பாடாந்தரம் தேவையில்லை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். இருக்கிறது. சைக்கோவ்ஸ்கியின் முதல் கன்செர்ட்டோவைப் பதிவு செய்யும்போது அரங்கில் இருக்கும் எண்பது பேர் காதிலும் அது ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கிறது. எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே பியானோவுக்கு இடம் விட வேண்டும் என்று கைக்குத் தெரியும். யாராவது தவறினால் நான் பேச்சுப்பெட்டியைத் தொடுமுன் அவரே கையைத் தூக்கிவிடுவார். மெட்னருக்கு அந்தக் கால்வழி மெல்லிய நூல். மாஸ்கோவில் அவருடைய மாணவர் அப்ராம் ஷாத்ஸ்கெஸ், இங்கிலாந்தில் எட்னா ஐல்ஸ், பிறகு அங்கொருவர் இங்கொருவர். 1990களில்தான் ஜெஃப்ரி டோசர், நிகொலாய் தெமிதென்கோ போன்றவர்களின் வட்டுகள் வந்து நூலைக் கொஞ்சம் தடிமனாக்கின. நாங்கள் பதிவு செய்த அரங்கில் உட்கார்ந்திருந்த எழுபத்து மூன்று கலைஞர்களில் இந்த மூன்றில் ஒன்றையாவது முன்பு வாசித்தவர் ஒருவர்கூட இல்லை. கேட்டவரும் இல்லை.

இப்படிப்பட்ட பதிவில் ஒரு பிழை நழுவிப் போனால் யார் பிடிப்பார்கள்? வட்டு கடைக்குப் போகும். அதைக் கேட்டு ஒரு மாணவர் கற்பார். நாங்கள் கவனிக்காமல் விட்டது அவருக்குப் பாடமாகிவிடும். இந்தப் பயம் எனக்கு அந்த எட்டு செஷன்களிலும் வயிற்றில் இருந்தது.

அரங்கு ஒரு கிழக்கு ஐரோப்பிய நகரத்தில், பழைய வானொலிக் கட்டடத்தின் உள்ளே. மரப் பலகை போர்த்திய சுவர், உயர்ந்த கூரை, இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவான எதிரொலி. பியானோ கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மீட்டர் நீளமுள்ள கச்சேரிப் பெரும் பியானோ. நடத்துநரின் தலைக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில், எங்கள் தொழிலில் மரம் என்று சொல்லும் முக்கோணச் சட்டத்தில் மூன்று மைக். இடமும் வலமும் ஒவ்வொன்று. பியானோவுக்கு இரண்டு. மரக்குழல் வரிசைக்கு இரண்டு. பொதுவாக இவ்வளவு போதும். குழல்களின் மைக் பிரதான மைக்கிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி இருந்தால், ஒலி அந்த எட்டு மீட்டரைக் கடக்க இருபத்து மூன்று மில்லிவிநாடி ஆகும். அந்த மைக்கை அவ்வளவு தாமதப்படுத்திச் சேர்க்காவிட்டால் கிளாரினெட் நடத்துநரின் மடியில் உட்கார்ந்து வாசிப்பது போல் கேட்கும்.

மெட்னரில் இந்தச் சமநிலை எளிதில் வசப்படாது. பியானோ ஏறக்குறைய ஓய்வே இல்லாமல் வாசிக்கிறது. அதுவும் நடு ஸ்தாயியில், இரண்டு கையும் நிறைய ஸ்வரங்களோடு. வயோலாவும் கிளாரினெட்டும் ஹார்னும் வாழ்வது அதே தெருவில். பியானோவைக் கிட்ட வைத்தால் மற்றவர்கள் மறைந்துவிடுகிறார்கள். தள்ளி வைத்தால் பியானோவின் உள்குரல்கள் கலங்கிச் சேறாகின்றன. முதல் நாள் காலை முழுவதும் பியானோ மைக்குகளை ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்துவதில் போனது. நடத்துநருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஒரு சாண் சரியாக அமையாமல் தொடங்கியிருந்தால் மற்ற ஏழு செஷன்களும் வீண்.

இரண்டாவது கன்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதியில், ரொமான்ஸா என்று பெயரிட்ட இயக்கத்தில், வயோலாக்களின் ஒரு வரி எனக்குத் திருப்தியாக வரவில்லை. ஸ்வரம் சரி, சுதி சரி. ஆனால் துணை வாசிப்பவர்கள் வாசிப்பது போலவே வந்தது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது; அவர்கள் தாளில் அது துணை வாசிப்பு போலத்தான் இருந்தது. பேச்சுப்பெட்டியில் இரண்டு முறை விளக்கினேன், பலனில்லை. மூன்றாவது முறை நான் பேசுவதற்கு முன் பியானோ கலைஞர் எழுந்தார். அறுபதைக் கடந்த பெண்மணி, மாஸ்கோவில் படித்தவர். வயோலாக்களின் பக்கம் திரும்பி, "உங்கள் வரியை நான் வாசிக்கிறேன், கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு நின்றபடியே வலக்கையால் அந்த வரியை மட்டும் வாசித்தார். பிறகு, தான் நான்கு பக்கம் முன்னால் வாசித்த மெட்டை வாசித்தார். இரண்டும் ஒன்றே. வயோலாக்களின் முன்வரிசைக்காரர் தாளைப் பார்த்தார், பியானோவைப் பார்த்தார், பென்சிலை எடுத்துத் தன் வரிக்கு மேலே ஒரு வளைகோடு போட்டார். அடுத்த டேக்கில் எட்டு வயோலாவும் பாடின. அந்த டேக்கின் எண் 38. இன்னும் நினைவிருக்கிறது.

அரங்கின் வெப்பக் குழாய்கள் எங்களுக்குப் பெரிய தொல்லை. சூடாகும்போதும் ஆறும்போதும் டக் டக் என்று சுருதி தப்பிய தாளம் போடும். பதிவின்போது நிறுத்திவிட்டால் சத்தம் போகும். ஆனால் மாலைக்குள் அரங்கு நான்கு டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் குழல்களின் சுதி இறங்கும், பியானோவின் கம்பிகள் இறுகிச் சுதி ஏறும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால் நடுவில் நிற்பவன் நான்தான். காலையில் எடுத்த டேக்கையும் மாலையில் எடுத்த டேக்கையும் ஒட்டினால் ஒட்டு தெரியும். பியானோவுக்கு வேறு மனிதர் வந்து உட்கார்ந்தது போல ஆகிவிடும். சுதி சேர்ப்பவர் பெரியவர், அதிகம் பேசாதவர். ஒவ்வொரு இடைவேளையிலும் எல்லாரும் காப்பிக்கு ஓடும்போது அவர் மட்டும் உள்ளே போவார். கதவு மூடியிருக்கும். ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் ஒலி எங்கள் அறைக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த ஒலி நிற்கும்போது நான் ஸ்கோரைத் திறப்பேன்.

அதே கன்செர்ட்டோவின் முதல் இயக்கமான டொக்காட்டாவில் பியானோ தனியாக வாசிக்கும் நீண்ட கடென்ஸா இருக்கிறது. அதை இரவில் எடுத்தோம். தெருவில் கடைசி டிராம் போன பிறகுதான் அந்தக் கட்டடம் உண்மையில் அமைதியாகும். ஆர்க்கெஸ்ட்ரா வீட்டுக்குப் போயிருந்தது. அதில் ஒரு சிக்கல் உண்டு. எழுபது உடம்புகள் ஒலியைக் குடிக்கும். அவர்கள் எழுந்து போனால் அரங்கின் எதிரொலி நீளும். மாலையில் எடுத்த பகுதிக்கும் இரவில் எடுத்த கடென்ஸாவுக்கும் நடுவே கேட்பவர் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடப்பார். ஆகவே காலி நாற்காலிகளின் மேல் கம்பளிகளைப் போர்த்தினோம். அரங்கப் பணியாளர்கள் எங்கிருந்தோ நாற்பது கம்பளி கொண்டுவந்தார்கள். மங்கலான வெளிச்சத்தில் போர்வை போர்த்திய நாற்காலிகளுக்கு முன்னால் அந்த அம்மையார் உட்கார்ந்து வாசித்தார்.

மூன்று முறை முழுதாக வாசித்தார். மூன்றாவதை வாசித்துவிட்டு எங்கள் அறைக்கு வந்து, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இப்போது வாசித்தது எத்தனையாவது டேக்?"

"எழுபத்தொன்று."

"அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டு வேலை வேண்டாம்."

"அதில் இரண்டு இடத்தில் ஸ்வரம் தவறியிருக்கிறது."

"தெரியும். தவறாமல் வாசித்த இரண்டு டேக் உங்களிடம் இருக்கிறது. அவற்றைத் திரும்பக் கேட்க உங்களுக்கு ஆசை வருகிறதா?"

ஆசை வரவில்லை. எழுபத்தொன்றில் ஒரு மூச்சு இருந்தது. தொடக்கத்திலேயே முடிவு தெரிந்து போகும் நடை அது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சைக்கோவ்ஸ்கி வாசித்து இரண்டு ஸ்வரம் தவறினால் உலகத்துக்கு அது தவறு என்று தெரியும். இங்கே தவறு என்று சொல்ல ஆளில்லை, இதுதான் மெட்னர் என்று எடுத்துக்கொள்வார்கள் என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள், அதற்கு மேல் தொடாதீர்கள்" என்றார். அப்படியே செய்தேன். இரண்டு இடத்தை மாற்ற நான்கு நாள் ஆனது.

ஏன் நான்கு நாள் என்று சொல்ல வேண்டும். பியானோவில் கால் மிதி அழுத்தியிருக்கும்போது, முன்னால் வாசித்த ஸ்வரங்களெல்லாம் இன்னும் உள்ளே ஒலித்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு ஸ்வரத்தை மட்டும் வேறு டேக்கிலிருந்து எடுத்து வைத்தால் அதன் பின்னால் இருக்கும் அந்த நிழல் வேறாக இருக்கும். காது அதைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்காது. ஏதோ உறுத்துகிறது என்று மட்டும் உணரும். ஆகவே வெட்டு எங்கே விழுந்தால் நிழல் மறையும் என்று தேட வேண்டும். பெரும்பாலும் ஒரு பலமான ஸ்வரம் தொடங்குவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பு. இரண்டு துண்டும் பத்துப் பன்னிரண்டு மில்லிவிநாடி ஒன்றன்மேல் ஒன்று படிந்து மாற வேண்டும். இரண்டு டேக்கின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்காது. ஆர்க்கெஸ்ட்ரா சேர்ந்த பகுதிகளில் இன்னும் கடினம். ஸ்கோரின் ஒவ்வொரு பாருக்கு மேலேயும் நான் வண்ணப் பென்சிலால் டேக் எண்ணையும் கூட்டல் கழித்தல் குறிகளையும் போட்டிருப்பேன். மூன்று கன்செர்ட்டோவின் ஸ்கோரும் முடிவில் குழந்தையின் கிறுக்கல் நோட்டு போல ஆகியிருந்தன.

அந்த மாதங்களில் மெழுகுத் தட்டுகளை அடிக்கடி நினைத்தேன். மெட்னரின் சாட்சியம் நான்கு நிமிடத் துண்டுகள். என்னுடையது நான்கு விநாடித் துண்டுகள். பிழை இல்லாத பதிவு என்று இன்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள், நானும் அதைத்தான் தருகிறேன். ஆனால் அவர் தட்டுகளில் ஒரு பக்கம் தொடங்கினால் முடியும் வரை அது ஒரே மனிதர் ஒரே மூச்சில் நடந்த தூரம். அதற்காகவே, முதல் கன்செர்ட்டோவில் ஒரு முடிவு எடுத்தோம். அது ஒரே இயக்கமாக, அரை மணிக்கு மேல் இடைவெளியின்றிப் போவது. நடுவில் பிரிந்து விரியும் இடத்தில் மாறுபாடுகளின் வரிசை ஒன்று வருகிறது. வழக்கமாக அந்த வரிசையைத் தனித்தனியாக எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும் இருப்பதால் வசதி. நாங்கள் முழு வரிசையையும் நிற்காமல் மூன்று முறை வாசிக்க வைத்து, அதிலிருந்து மட்டுமே கோத்தோம். சில இடங்களில் ஒன்றாகச் சேராத அடி உண்டு. விட்டுவிட்டேன். அந்த விறுவிறுப்பை நான் 1947ன் தட்டுகளிலிருந்து கற்றேன். 1918ல் மாஸ்கோவில் கூசெவிட்ஸ்கி நடத்த மெட்னரே வாசித்து அரங்கேறிய படைப்பு அது. ஊரே தலைகீழாகிக்கொண்டிருந்த வருடத்தில் அரை மணி நேரம் நிற்காமல் பேசிய ஒருவரைத் துண்டாக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது கன்செர்ட்டோ எங்களைச் சோதிக்கவில்லை. லெர்மொந்தவின் கவிதையிலிருந்து, ஆற்றின் அடியில் உறங்கும் வீரனையும் அவனை எழுப்ப முடியாத நீர்மகளையும் எடுத்துக்கொண்டு தொடங்கும் படைப்பு. ஆறாவது நாளுக்குள் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மெட்னரின் மொழி பிடிபட்டுவிட்டது. மூன்று பகுதியும் இடைவெளியின்றி இணைந்தவை. இரண்டு செஷன்களில் முடிந்தது.

இனி அந்த ஹார்ன்.

இரண்டாவது கன்செர்ட்டோவின் கடைசி இயக்கத்தில் ஓரிடத்தில் என் ஸ்கோரில் இரண்டாம் ஹார்னுக்கு அரை ஸ்வரம் இறக்கி எழுதியிருந்தது. வாடகைப் பார்ட்டில் இறக்கக் குறி இல்லை. ஹார்ன்காரர் தன் தாளில் உள்ளதை வாசித்தார். நான் நிறுத்தினேன். நடத்துநர் ஸ்கோரைப் பார்த்தார். பியானோ கலைஞரிடம் கேட்டார். அவர் இரண்டு விதமாகவும் அந்த இடத்தை வாசித்துப் பார்த்தார். இரண்டும் பொருந்தின. மெட்னரில் அதுதான் கஷ்டம்: அவர் எழுதக்கூடியது எது, எழுதமாட்டாதது எது என்று அடித்துச் சொல்ல நமக்குப் பழக்கம் போதாது. நான் என் கணினியில் வைத்திருந்த 1947ன் பதிவைப் போட்டேன். எல்லாரும் அறைக்கு வந்து கூடி நின்று கேட்டோம். அந்த நொடியில் பியானோ முழு பலத்தில் இருக்கிறது, இரைச்சல் இருக்கிறது, ஹார்ன் திரைக்குப் பின்னால். மூன்று முறை கேட்டோம். ஒருவர் இறங்கித்தான் கேட்கிறது என்றார், இன்னொருவர் இல்லை என்றார். தட்டில் மெட்னர் வாசித்துக்கொண்டே போனார்.

செஷனில் ஒன்பது நிமிடம் மீதி இருந்தது. இரண்டு விதமாகவும் எடுத்துக்கொண்டோம். கோக்கும்போது நான் ஸ்கோரின் பக்கம் நின்றேன். இறக்கிய ஸ்வரம் வட்டில் போனது. பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது நூலகர் மற்ற குறிகளையெல்லாம் அழித்தார். அந்த இடத்தில் மட்டும் நான் இறக்கக் குறியைப் பென்சிலால் அழுத்தமாகப் போட்டு, அடுத்தவர்களுக்கு உதவட்டும் என்று வைத்தேன்.

பதினோரு வருடம் கழித்து, வேறொரு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வேறொரு பியானோ கலைஞரோடு அதே கன்செர்ட்டோவை நேரடி ஒலிபரப்புக்காகக் கவனிக்கும்படி என்னைக் கூப்பிட்டார்கள். நூலகர் பெட்டியைத் திறந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. பசூன் பார்ட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஏழு தேதிகள். எங்களுடையது நான்காவது, அதற்குப் பின் மூன்று. இரண்டாம் ஹார்ன் தாளைத் தேடி எடுத்தேன். என் இறக்கக் குறியை யாரோ அழித்திருந்தார்கள். காகிதம் தேய்ந்து மெலிந்து போகுமளவுக்கு அழித்து, அதன் மேலே மையால் இயல்பு ஸ்வரத்தின் குறியைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சிறிய கையெழுத்தில் ஒரு தேதி.

அன்றிரவு விடுதி அறையில் எங்கள் வட்டைப் போட்டு அந்த இடத்துக்குப் போனேன். பிறகு 1947ன் பதிவைப் போட்டேன். மணி இரண்டானது. ஒரு முறை இறங்கி ஒலிப்பதாகத் தோன்றியது. அடுத்த முறை இல்லை என்று தோன்றியது. காலையில் ஒத்திகை தொடங்குமுன் ஹார்ன்காரரிடம் போனேன். இளைஞர், அவருக்கும் இது முதல் முறை. "இந்த இடத்தில் இரண்டு பாடம் இருக்கிறது" என்று சொல்லி, ஸ்கோரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.